வெளியே வைத்த சப்பாத்து

— சப்பாத்தைக் கழட்டாதை, பிள்ளை! அப்பிடியே ஏறு.

— கழட்டேல்லை, மாமா. லேஸ் அவிண்டுபோச்சு, கட்டிறன்.

— இறுக்கிக் கட்டு. கட்டிப்போட்டு முதல் இந்த அங்கியைப் போடு. மூண்டு கொழுக்கியையும் பூட்டோணும். இடுப்பு வாரையும் இழு.

— கட்டி நிக்கிற வள்ளம்தானே. நாங்கள் இந்தக் கால்வாயை விட்டு எங்கையும் போகேல்லையே.

— கட்டி நிக்கேக்கைதான் ஆக்கள் விழுறது, கண்டியோ. ஓடேக்கை எல்லாருக்கும் பயம் இருக்கும், கவனமா இருப்பினம். கையைத் தா. கரைக்கும் வள்ளத்துக்கும் நடுவிலை அந்த இடைவெளியைப் பார். இப்ப வலது காலை வை. ஆ, சரி. அந்த வாங்கிலை இரு.

— நீங்களும் போட்டிருக்கிறியள்.

— எதை?

— உயிர்காப்பு அங்கியை. சப்பாத்தையும். டெனிஸ்ரன் எத்தினை வருசமாத் தொண்டை கிழியக் கத்தினவர். ஒருநாளும் கேட்காத ஆள் நீங்கள்.

— ஓம்.

— நான் குத்திக் காட்டேல்லை, மாமா.

— குத்தினாலும் குத்து. என்ரை பிள்ளையைக் கட்டின உனக்கில்லாத உரித்தோ? குளிருதோ? வைகாசி மாசம் எண்டுதான் பேர், காத்து இன்னும் வாடை மாதிரி வெட்டுது. பிளாஸ்கிலை தேத்தண்ணி இருக்கு, மாமி இஞ்சி போட்டுத் தந்தவ.

— மாமி எப்பிடி இருக்கிறா?

— இருக்கிறா. விடிய எழும்பிறது, செபமாலை சொல்லுறது, அழுறது. பிறகு என்னைப் பேசுறது. வள்ளத்தை வித்துப்போடு எண்டு ஒவ்வொரு நாளும் ஒரே பாட்டு.

— நானும் வித்திருப்பியள் எண்டுதான் நினைச்சன். போன கிழமை கிரேனாலை தண்ணியிலை இறக்கினியள் எண்டு மாமி சொல்லேக்கை எனக்கு நெஞ்சு ஒரு மாதிரிப் போச்சு.

— வித்தால் வாங்கிறவனும் விழுவானெல்லோ. அங்கை பார். அந்த மஞ்சள் ஏணி தெரியுதோ? அதுக்கங்காலை இன்னொண்டு. இந்தக் கால்வாயிலை இருபத்திமூண்டு வள்ளத்துக்கு, தண்ணியிலை விழுந்தவன் ஏறிவர ஒரேயொரு ஏணிதான் இருந்தது, கண்டியோ. அதுவும் பாலத்தடியிலை. இப்ப ஆறு. மாசி மாசத்து வள்ளக்காரர் கூட்டத்திலை எழும்பி நிண்டு எனக்குத் தெரிஞ்ச டேனிஷிலை கேட்டன். பாதியிலை அழுகை வந்திட்டுது. பக்கத்து வள்ளக்காரக் கிழவன் யோர்கன்தான் மிச்சத்தைச் சொன்னவன்.

— அவர்தானே டெனிஸ்ரனைத் தண்ணிக்குள்ளை முதலிலை கண்டது.

— ஓம். அவன்தான். பத்தரைக்குக் கண்டவன். பாவம், அவன் இப்பவும் அந்தப் பக்கத்தாலை நடக்கிறேல்லை, சுத்திக்கொண்டு போறான்.

— சப்பாத்து புதுசோ, மாமா? வடிவா இருக்கு.

— புதுசில்லை. டெனிஸ்ரன் வாங்கித் தந்தது. அடி முழுக்க றப்பர், ஈரத்திலை வழுக்காது.

— எனக்குச் சொல்லேல்லையே. எப்ப வாங்கினவர்?

— அது கிடக்கட்டும். நீ ஏதோ கதைக்கோணும் எண்டனீ. ரெலிபோனிலை சொல்ல ஏலாது எண்டனீ.

— நான் ஓல்போர்க்கை விட்டு ஓகூஸ் நகரத்துக்குப் போகப்போறன், மாமா. ஆனி முடிய. அங்கை ஒரு ஆஸ்பத்திரியிலை வேலை கிடைச்சிருக்கு. வீடும் பாத்திட்டன்.

— சின்னவளையும் கூட்டிக்கொண்டோ?

— அவளை விட்டிட்டுப் போவனோ?

— இல்லை... சும்மா கேட்டன். அவளுக்கு என்னை நினைவிருக்குதோ?

— ஃபார்ஃபா ஃபார்ஃபா எண்டு இப்பவும் கேப்பாள். தாத்தா எண்டு சொல்லடி எண்டால் சொல்லமாட்டாள்.

— அப்பிடியே கூப்பிடட்டும். எப்பிடிக் கூப்பிட்டாலும் நான்தானே. பிள்ளை, நான் ஒண்டு சொல்லவோ? கோவிக்காதை. நீ முப்பத்தோராம் நாள் பூசைக்கும் வரேல்லை. நத்தாருக்கும் வரேல்லை. ஓல்போர்க்கிலை ரெண்டு தெரு தள்ளி இருந்துகொண்டு ஏழு மாசம் எங்கடை படியை மிதிக்கேல்லை. மாமிக்கு விளங்கேல்லை. ஆனா எனக்குக் காரணம் தெரியும்.

— தெரியுமோ?

— தெரியும். உனக்கு என்ரை முகத்திலை முழிக்க விருப்பமில்லை. அதிலை ஒரு பிழையுமில்லை, பிள்ளை. உன்ரை இடத்திலை நான் எண்டால் இதைவிட மோசமா நடந்திருப்பன்.

— என்ன சொல்லுறியள், மாமா? நானெல்லோ உங்கடை முகத்தைப் பாக்கப் பயந்து வராமல் இருந்தனான்.

— நீ ஏன் என்னைப் பாக்கப் பயப்பிடோணும்?

— இந்தப் பையைத் திறந்து பாருங்கோ. ஏழு மாசம் காரின்ரை டிக்கியிலை கிடக்குது. வைச்சிருக்கவும் ஏலாமல் இருக்கு, எறியவும் ஏலாமல் இருக்கு. ஓகூஸுக்குக் கொண்டுபோகவும் ஏலாது.

— இது... இது அவன்ரை சப்பாத்தெல்லோ.

— ஓம்.

— ஆர் தந்தது உனக்கு?

— பொலிஸ். அண்டைக்குச் செய்தி கேட்டு மயங்கின உங்களை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாப் பிறகு என்னட்டைத் தந்தவை. உங்கடை வள்ளத்துக்கு நேரை, இந்தக் கரைப் பலகையிலை இருந்ததாம். கழட்டி, லேஸை உள்ளுக்கை விட்டு, சோடியா. கடையிலை வைச்சமாதிரி.

— சோடியா வைச்சிருந்தவனோ.

— ஓம். அங்கி உள்ளுக்கை கொழுக்கியிலை தொங்கினது. ஆள் சொக்ஸ் காலோடை தண்ணிக்குள்ளை. அந்தப் பொம்பிளைப் பொலிஸ் என்னை ஒரு பக்கமாக் கூட்டிக்கொண்டு போய், நல்ல மெதுவா, கையைப் பிடிச்சுக்கொண்டு கேட்டவ. உம்முடைய மனுசனுக்குக் கொஞ்ச நாளா மனசு சரியில்லாமல் இருந்ததோ, வீட்டிலை ஏதும் பிரச்சினையோ எண்டு.

— என்ன கேள்வி அது? அவ ஏன் அப்பிடிக் கேட்டவ?

— இந்த நாட்டிலை அப்பிடித்தானாம், மாமா. தானா முடிவெடுத்துத் தண்ணிக்குள்ளை இறங்கிறவைதான் சப்பாத்தைக் கழட்டி ஒழுங்கா வைச்சிட்டு இறங்கிறவையாம். தவறி விழுறவன் சப்பாத்தோடைதானே விழுவான்.

— வாயைக் கழுவு! என்ரை பிள்ளை அப்பிடிச் செய்யிறவனில்லை!

— கத்தாதேங்கோ, மாமா.

— கத்தாமல்? ஏழு வயசிலை கோயிலிலை முதல் நன்மை வாங்கின பிள்ளை. அவனைப் போய்... அவங்கள் எழுதிப்போட்டாங்களோ?

— இல்லை. காரணம் தெளிவில்லை எண்டு எழுதியிருக்கினம். அவ்வளவுதான். அதாலைதான் நான் ஒருத்தருக்கும் சொல்லேல்லை. மாமி கேள்விப்பட்டால் செத்துப்போவா. கோயிலிலை சனம் ஆளுக்கொரு கதை கதைக்கும். அந்தப் பூசையிலை வந்து இருந்துகொண்டு, எல்லாரும் விபத்து விபத்து எண்டு அழேக்கை நானும் அப்பிடி அழ என்னாலை முடியேல்லை.

— நீ அதை நம்பினனீயோ, சுஜா? நீ?

— நான் நம்பாமல் என்ன செய்யிறது? இவர் வள்ளத்திலை ஒருநாளும் சப்பாத்துக் கழட்டினதில்லை. நீங்கள் வெறுங்காலோடை நிக்கிறதுக்கே உங்களோடை மல்லுக்கட்டினவர். வேலைத்தலத்திலையும் அவர்தானே பாதுகாப்புக்குப் பொறுப்பு. கரண்ட் எடுக்கிற காத்தாடிக்கு இறக்கை செய்யிற அந்தப் பெரிய தொழிற்சாலையிலை ஒரு வயர் குறுக்கை கிடந்தாலும் ஆக்களை நிப்பாட்டிப்போட்டுப் பேசுற மனுசன். வீட்டிலை பல்ப் மாத்திறதெண்டாலும் நான் ஏணியைப் பிடிக்கோணும். அப்பிடிப்பட்ட ஆள் ஐப்பசிக் குளிரிலை, ராத்திரி முழுக்க மழை பெய்ஞ்ச ஈரத்திலை, அங்கியும் இல்லாமல் சப்பாத்தும் இல்லாமல்... நீங்களே சொல்லுங்கோ. என்ன நினைப்பியள்?

— இந்தா, முதல் ஒரு வாய் தேத்தண்ணி குடி.

— இன்னும் இருக்கு. அண்டைக்குக் காலமை நாங்கள் சண்டை பிடிச்சனாங்கள். நான் வயதுபோன ஆக்களின்ரை வீட்டிலை இரவு வேலை முடிச்சு ஏழு மணிக்குத்தான் வந்தனான். சனிக்கிழமை சின்னவளுக்கு நீச்சல் வகுப்பு. நீங்கள் கூட்டிக்கொண்டு போங்கோ, நான் நித்திரை கொள்ளோணும் எண்டன். இல்லை, இண்டைக்கு வள்ளத்துக்குப் போகோணும், மத்தியானம் கிரேன் வந்து எல்லா வள்ளத்தையும் குளிர்காலத்துக்குக் கரையிலை தூக்கி வைக்குது, அதுக்கு முதல் தண்ணி இறைக்கோணும், அப்பாவுக்கு முழங்கால் ஏலாது எண்டார்.

— ஓம். அண்டைக்குத்தான் தூக்க இருந்தது.

— எனக்கு விசர் வந்திட்டுது. ஒவ்வொரு சனியும் வள்ளம், வள்ளம். நான் கத்தினன். "போ! போய் அந்த வள்ளத்திலையே கிட! திரும்பி வராதை!" எண்டு கத்தினன், மாமா. அவர் ஒண்டும் சொல்லேல்லை. ஜக்கெற்றை எடுத்துக்கொண்டு போட்டார். கதவைக்கூட அடிச்சுச் சாத்தேல்லை.

— கோவத்திலை சொல்லுறதுதானே, பிள்ளை. உன்ரை மாமி அருள்நாயகி எனக்கு எத்தினை தரம் சொல்லியிருக்கிறா.

— சொன்னா, நீங்கள் திரும்பி வந்தனீங்கள். இவர் வரேல்லையே. சின்னவளும் கேட்டுக்கொண்டு நிண்டவள். நான் அவள் நித்திரை எண்டு நினைச்சன். பங்குனியிலை பேர்னஹேவயிலை, அவளின்ரை பாலர் பள்ளியிலை, ரீச்சர் என்னைக் கூப்பிட்டா. மற்றப் பிள்ளையள் அப்பா எங்கை எண்டு கேட்க இவள் சொல்லியிருக்கிறாள், அம்மா வரவேண்டாம் எண்டு சொன்னவ, அதாலை அப்பா வரேல்லை எண்டு. அஞ்சு வயசு, மாமா. அழாமல் சொன்னவளாம். மழை பெய்யுது எண்டு சொல்லுறமாதிரி.

— என்ரை யேசுவே.

— வளந்து அவள் கேட்பாள். நான் என்ன சொல்ல? அதுக்குத்தான் ஓகூஸுக்குப் போறன். இந்தத் தெரு, இந்த நீச்சல் குளம், ஒண்டும் வேண்டாம். உங்களுக்கு ஒருக்கால் உண்மையைச் சொல்லிப்போட்டுப் போகோணும் எண்டு வந்தனான். உங்கடை பிள்ளையை நான்தான் அனுப்பினனான். நீங்கள் பேசுறதெண்டால் பேசுங்கோ.

— கொஞ்சம் பொறு.

— எங்கை போறியள்?

— எங்கையும் போகேல்லை. இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கொண்டு நிக்கிறன். பிள்ளை, நீ சொன்னதுக்குப் பிறகு நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் நான் மனிசனில்லை. ஏழு மாசம் மூடிக்கொண்டிருந்தனான். அருள்நாயகிக்கும் சொல்லேல்லை. பாவசங்கீர்த்தனத்திலை சாமியாருக்கும் சொல்லேல்லை.

— என்னத்தை?

— அதுக்கு முதல் ஞாயிற்றுக்கிழமை நானும் அவனும் வெளியாலை போனனாங்கள். கால்வாய் தாண்டி ஃபியோர்டுக் கடலுக்குள்ளை. நடுவிலை இயந்திரம் நிண்டிட்டுது. சோளகம் மாதிரி நல்ல காத்து, வள்ளம் கல்லுப் பக்கமா இழுபடுது. ஒருமாதிரிக் கிளப்பிக் கொண்டுவந்து சேத்தம். சேத்தோடனை நான் துவங்கினன். உன்ரை சப்பாத்துக் காலாலைதான் எண்டன்.

— சப்பாத்தாலை இயந்திரம் நிக்குமோ?

— அவனும் அதைத்தான் கேட்டவன். டீசலுக்குள்ளை தண்ணி எண்டவன். பிறகு பாத்தால் தண்ணிதான், அவன் சொன்னது சரி. ஆனா எனக்கு அப்ப ஏறேல்லை. எங்கடை ஊர் பாசையூரிலை கடலுக்குப் போற ஆக்கள் ஒருத்தரும் வள்ளத்திலை செருப்புக் காலோடை மிதிக்கிறேல்லை, கண்டியோ. சோறு போடுற வள்ளம், தாய் மாதிரி. தாயின்ரை மடியிலை செருப்போடை ஏறுவியோ? இந்த வள்ளத்துக்கு நான் என்ரை ஆச்சியின்ரை பேரெல்லோ வைச்சிருக்கிறன். அவன் அண்டைக்கு எனக்கு ஒரு பெட்டி கொண்டுவந்தவன். இந்தச் சப்பாத்து. அப்பா, இனி வழுக்காது, உங்களுக்கு அறுபத்தெட்டு வயசு எண்டான். நான் வாங்கிக் கரையிலை எறிஞ்சன். யோர்கனும் மனுசியும் பாத்துக்கொண்டு நிக்கினம். அவையளுக்கு முன்னாலை சொன்னன், இனிச் சப்பாத்துக் காலோடை இதிலை ஏறினால் நீ எனக்குப் பிள்ளையில்லை எண்டு.

— மாமா...

— அவன் பெட்டியைப் பொறுக்கிக்கொண்டு போட்டான். திங்கள் முழுக்க ரெலிபோன் எடுக்கேல்லை. செவ்வாயும் இல்லை. நானும் எடுக்கேல்லை, எனக்கெண்டால் அவ்வளவு வீம்பு. வெள்ளிக்கிழமை பின்னேரம் அவன் எடுத்தான். நாளைக்கு நான் போய்த் தண்ணி இறைக்கிறன், நீங்கள் குளிருக்குள்ளை வரவேண்டாம் எண்டான். நான் என்ன சொன்னன் தெரியுமோ? ஏறுறதெண்டால் நான் சொன்னது நினைவிருக்கட்டும் எண்டு சொல்லிப்போட்டு வைச்சிட்டன். என்ரை பிள்ளையோடை நான் கதைச்ச கடைசிக் கதை அது.

— அவர் எனக்கு ஒண்டுமே சொல்லேல்லை.

— உனக்கு என்னிலை வெறுப்பு வந்திடும் எண்டு சொல்லியிருக்கமாட்டான். நான்தான் அவனைக் கழட்டச் சொன்னனான், சுஜா. வெறுங்கால் பிடிக்கும். சொக்ஸ் பிடிக்காது, அதுவும் கம்பளிச் சொக்ஸ் ஈரத்திலை பட்டால் ஐஸ் மாதிரி. நான் சப்பாத்தைக் கழட்டு எண்டு சொன்னன், சொக்ஸைக் கழட்டு எண்டு சொல்லேல்லை. எங்கடை ஊரிலை ஆர் சொக்ஸ் போட்டவன், எனக்கு அதைச் சொல்லத் தெரிய? அந்தச் சப்பாத்துப் பெட்டி உள்ளுக்கை, மேசையிலை இருந்தது. செத்தவீடு முடியத்தான் கண்டனான். திரும்பவும் எனக்கெண்டு கொண்டுவந்து வைச்சிருக்கிறான். அண்டையிலையிருந்து இதைக் கழட்டேல்லை. படுக்கேக்கைதான் கழட்டிறன்.

— நீங்கள் என்னைத் தேத்திறதுக்குச் சொல்லுறியள்.

— அந்தோனியாராணைச் சொல்லுறன்.

— இல்லை, மாமா. நீங்கள் நல்ல ஆள். நான் சொன்னதைக் கேட்டோடனை பழியைத் தூக்கி உங்கடை தலையிலை போடுறியள். சண்டை நடந்திருக்கும், அது உண்மையா இருக்கும். ஆனா அவர் நீங்கள் சொன்னதுக்காகத்தான் கழட்டினவர் எண்டு எப்பிடிச் சொல்லுவியள்? ஆர் கண்டது? நீங்கள் அங்கை இல்லை. நானும் இல்லை. காலமை நான் வரவேண்டாம் எண்டன், முதல் கிழமை நீங்கள் பிள்ளையில்லை எண்டனீங்கள். ரெண்டு பக்கத்தாலையும் நாங்கள்தானே துரத்தினது.

— அப்பிடிச் சொல்லாதை.

— எனக்கு ஒரு விசயம் மனசை விட்டுப் போகுதில்லை. ஒவ்வொரு நாளும் அந்தப் படத்தைத்தான் எடுத்துப் பாக்கிறன்.

— என்ன படம்?

— பொலிஸ் எடுத்த படம். நான் கேட்டு வாங்கினனான், இந்தப் போனிலை இருக்கு. வள்ளத்திலை ஏறுறதுக்கெண்டு கழட்டினால் சப்பாத்தின்ரை மூக்கு வள்ளத்தைப் பாத்துத்தானே இருக்கோணும்? நடந்து வாற ஆள் அப்பிடியே கழட்டிப்போட்டு ஏறுவார். இது அப்பிடி இல்லை. தண்ணிக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கு. அவர் திரும்பி நிண்டிருக்கிறார், மாமா. வீடு இருக்கிற பக்கத்தைக் கடைசியா ஒருக்கால் பாத்திட்டுத்தான் இறங்கியிருக்கிறார். அப்பிடித்தான் எனக்கு அந்தப் படத்திலை தெரியுது.

— நில்லு. வடிவாச் சொல்லு. மூக்கு எந்தப் பக்கம்?

— கரைப் பக்கம்.

— குதி வள்ளத்துக்கோ?

— ஓம். என்ன மாமா? ஏன் இப்பிடிப் பாக்கிறியள்?

— காட்டு. அந்தப் போனைக் காட்டு. கண்ணாடி எங்கை... இந்தா. இன்னும் கொஞ்சம் பெருசாக்கு.

— இருங்கோ, மாமா, இருந்துகொண்டு பாருங்கோ.

— அவனுக்கு அப்ப எட்டு வயசு. நாங்கள் இந்த ஊருக்கு வந்து, முதல்முதல் ஒரு பழைய மரவள்ளம் எடுத்த கோடை. இதே கால்வாய். சின்னப் பச்சைச் சப்பாத்து, வெல்குறோ ஒட்டுப்பட்டி வைச்சது. கழட்டிப்போட்டு வள்ளத்துக்குள்ளை பாய வெளிக்கிட்டவனைப் பிடிச்சு நிப்பாட்டி ஒருக்கால் சொன்னனான். ஒரேயொருக்கால்தான். பிறகு பெரியாளா வந்து, இதெல்லாம் மூடநம்பிக்கை எண்டு சிரிச்சவன். மறந்துபோனான் எண்டு நினைச்சன், சுஜா. நான் அவனோடை கோவிச்சதே அவன் எல்லாத்தையும் மறந்துபோனான் எண்டுதான்.

— என்ன சொன்னனீங்கள் அவருக்கு?

— என்ரை அப்பு எனக்குச் சொன்னதை. கழட்டினாப் போதாது மோனை, திருப்பி வை, கரையைப் பாக்க வை எண்டு. வேலை முடிஞ்சு வள்ளத்தாலை இறங்கேக்கை அப்பிடியே காலை உள்ளுக்கை விட்டுக்கொண்டு, நிக்காமல் வீட்டை நடக்கிறதுக்கு. திரும்பி வாற எண்ணத்தோடை ஏறுறவன்தான், பிள்ளை, சப்பாத்தை அப்பிடி வைப்பான்.